எட்டு

சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு.
தினம் நாற்பத்தைந்து நிமிடம் நடங்க என்றார்
டாக்டர் தேன்மொழி.
மாத்திரைக்குக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று
சீட்டில் இருக்கிறது.
நடைக்கு, எங்கே என்று இல்லை.

மனை வாங்கும்போது தந்த வழுவழுத் தாளில்
எல்லாம் இருந்தது.
ஆழ்துளைக் கிணறு, ஆர்ச், முப்பதடித் தார்ச் சாலை,
கன்னங்குறிச்சியிலிருந்து ஐந்தே நிமிடம்.
யாருடைய ஐந்து நிமிடம் என்று
கேட்கத் தோன்றவில்லை.
தாளின் ஓரத்தில் ஒரு பெண் குடை பிடித்து நடந்துகொண்டிருந்தாள்.
அவளை யார் அங்கே
இறக்கிவிட்டுப் போனார்களோ.

முதல் நாள், காலை ஐந்தரை.
கேட்டைத் தாண்டினால் தார்,
தார் முடிந்தால் ஜல்லி,
ஜல்லி முடிந்தால் சாக்கடை.
சாக்கடை மேல் போட்ட சிலாப்தான் நடைபாதையாம்.
மூன்றாவது சிலாப் ஆடும்.
ஏழாவது இல்லை.
அப்புறம் டிரான்ஸ்பார்மர்,
யாரோ கட்டும் வீட்டின் எம்-சாண்ட் குவியல்,
கவர் போர்த்தித் தூங்கும் ஒரு இன்னோவா.
அதைச் சுற்றச் சாலையில் இறங்கினேன்.
பால் வண்டி முழங்கையை உரசிக்கொண்டு போனது.
"ஓரமாப் போம்மா."
ஓரம் எது என்றும்
சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

வளைவில் ஒருவர் பைக்கை நிறுத்தினார்,
எங்கள் வங்கியில் நகை திருப்ப வருபவர்.
"என்ன மேடம், வண்டி ரிப்பேரா?"
இல்லைங்க, சும்மா நடக்கிறேன்.
அவர் நம்பவில்லை.
பெட்ரோல் தீர்ந்த டேங்கைப் பார்ப்பதுபோல்
என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

இரவு தங்கையிடம் சொன்னேன்.
டல்லாஸ் பக்கம் அவளுக்கும் அதே கதை.
பால் வாங்க அரை மைல் நடந்தவளிடம்
கார் கண்ணாடியை இறக்கி ஒருத்தி
ஏதாவது ஆபத்தா என்று கேட்டாளாம்.
அங்கே புல் இருக்கிறது, அளந்து வெட்டிய புல்.
அது வீட்டுக்காரருடையது.
தெரு காருடையது.
நடுவில் நான் அக்கா, என்றாள்.

காந்தி ஸ்டேடியம் போங்களேன் என்றார்கள் வங்கியில்.
போனேன்.
நடப்பதற்காக ஐந்து கிலோமீட்டர் ஸ்கூட்டியில்.
நிறுத்த இடம் கிடைத்தபோது
ஆபீஸ் நேரம்.

கடைசியில் மொட்டை மாடி.
சாக்பீஸால் எட்டு வரைந்துகொண்டேன்,
தண்ணி டேங்கைச் சுற்றி ஒரு வளையம்
டிஷ்ஷைச் சுற்றி ஒரு வளையம்.
லைசென்ஸ் வாங்க எட்டுப் போட்டது
இருபத்தாறு வருடம் முன்பு.
அன்று காலைத் தரையில் ஊன்றினால் ஃபெயில்.
இன்று போன் பாராட்டுகிறது,
ஆறாயிரத்து நூற்று நாற்பது அடி.
போய்ச் சேர்ந்த இடம் துணி காயும் கொடி.

மூன்றாம் நாள்தான் நிமிர்ந்து பார்த்தேன்.
எதிர் மாடியில் பனியன் போட்ட ஒருவர், எட்டு.
பக்கத்தில் மாமியாரும் மருமகளும்
எதிரெதிர்த் திசையில், எட்டு.
முனை வீட்டில் பச்சை நைட்டி, காதில் ஒயர்.
பதினொரு மாடி எண்ணினேன்.
ஊரே மேலே நடக்கிறது,
கீழே தெருவில் ஒரு நாய்.
தூரத்தில் சேர்வராயன் மலை. ஏற்காட்டிலிருந்து இறங்கும் விளக்குகள்
வளைந்து வளைந்து
அவையும் லைசென்ஸுக்குப் பழகுவதுபோல.

பச்சை நைட்டி ஒருநாள் கை அசைத்தாள்.
நேற்று ஏதோ கத்தினாள்.
காற்றில் பாதிதான் வந்தது.
கொய்யா. நிறைய. வந்து.

எட்டிப் பார்த்தால் எண்பதடி.
டார்ச்சை அடித்துக்கொண்டு இறங்கினேன்,
சிலாப், ஜல்லி, மணல், இன்னோவா.
கதவைத் திறந்தவள்
எனக்குப் பின்னால் வண்டியைத் தேடினாள்.
"நடந்தா வந்தீங்க?"
பெயர் ரஷீதாவாம். வந்து நாலு வருடமாம்.
பை நிறையக் கொய்யா. சர்க்கரைக்குச் செங்காய்தான் நல்லதாம்.
செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள்,
ஆடுற சிலாப் வரைக்கும் வரேன், இருட்டு.

ஆடுகிற சிலாப்பில் இருவர் நின்றால்
இன்னும் கொஞ்சம் ஆடுகிறது.
சிரித்துக்கொண்டே இறங்கி
தார் மேலேயே நின்று பேசினோம்.
ஹார்ன் அடித்த ஒருவன்
அடித்துப் பார்த்துவிட்டுச்
சுற்றிக்கொண்டு போனான்.