டின்னில் என்ன எழுதுவது

மைலோ டின்னின் மூடியில்
ஐம்பது சென் நுழையும் அளவுக்கு
கத்தியால் கீறிக் கொடுத்தார் அவர்.
வெள்ளைத் தாள் சுற்றி ஒட்டியாயிற்று.
எதற்கு இந்தக் காசு என்று
எழுதுவதுதான் பாக்கி.

மலாய்க்குத் திலீபன் கைப்பேசியைத் தடவினான்.
மூன்று சொல். மூன்றும் ஆஸ்பத்திரி வாசம் அடித்தன.
சீனத்தில் மிஸ்ஸஸ் ஊய் எழுதித் தந்தார்,
எங்கள் ஆட்களே இதைப் படிக்கத் திணறுவார்கள் என்ற
எச்சரிக்கையோடு.
தமிழ் என் பொறுப்பு.
பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு
பதினோரு வருடத்தைப் புரட்டினேன்.

முதலில் ஆஸ்துமா என்றார்கள்.
பிறகு காசநோயோ என்று
எங்கள் நாலு பேரையும் வரிசையில் நிறுத்தி
நெஞ்சைப் படம் எடுத்தார்கள்.
தின்றதெல்லாம் எண்ணெயாய்க் கழிந்தபோது
என் சமையலில் குறை கண்டார்கள்.
வெள்ளைக்காரர்களுக்கு வருவதம்மா அது,
உங்களுக்கு வராது
என்ற டாக்டரும் நல்லவர்தான்.
படித்ததைச் சொன்னார்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிந்திருந்தது.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்டு முடித்து
விடிகாலை வந்து அவள் நெற்றியில் முத்தினால்
உதடு கரித்தது.
கடற்காற்று என்று நினைத்தேன்.
ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன்.
மறுநாளும் கரித்தது.
பெற்ற பிள்ளை உப்பாயிருக்கிறாள் என்று
யாரிடம் போய்ச் சொல்வது?

அவளுக்கு ஆறு வயதில்
கோலாலம்பூரில் ஒரு பெண் டாக்டர்
முன்கையில் வியர்வை எடுத்து
உப்பை அளந்தார்.
நோய்க்குப் பெயர் கிடைத்த அன்று
நான் அழவில்லை.
அப்பாடா என்றிருந்தது.
அதற்குப் பிறகுதான் வெட்கமாயிருந்தது.

"உப்பு நோய்னு போடலாமா?"
"பிரஷர்காரங்கதான் காசு போடுவாங்க" என்றார் அவர்.

ஹேமவர்ணி பேனாவைப் பிடுங்கினாள்.
நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள்:
கேட்டால் சொல்கிறோம்.

ஞாயிறு காலை, ஜெலுத்தோங் சந்தைக்கு வெளியே
கறிபாப் ஒன்று ஒரு ரிங்கிட்.
கேட்டார்கள்.
ஆபரேஷனா? இல்லை, ஆராய்ச்சிக்கு.
எங்கே நடக்கிறது? தூரத்தில்.
எப்போது முடியும்?
நான் குனிந்து காகிதப் பை எடுத்தேன்.
அவள்தான் சொன்னாள்:
"எனக்குள்ள சளி பசை மாதிரி, ஆண்ட்டி.
அதைத் தண்ணியாக்கப் பாக்கிறாங்க."
சொல்லி முடிப்பதற்குள் இருமினாள்.
வரிசையில் இருந்த ஒருத்தி
மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
அவளும் ஐந்து வெள்ளி போட்டாள்.

மீன் லாரிக்காரர் ஐம்பது நீட்டினார்,
பிள்ளைக்குச் சத்தாக வாங்கிக் கொடும்மா என்று.
"எனக்கா, டின்னுக்கா?" என்று கேட்டாள் இவள்.
அவர் யோசித்தார். மேலும் பத்தை எடுத்தார்.
"அது டின்னுக்கு. இது உனக்கு."
பத்துக்கும் செண்டோல் தின்றாள்,
முன்னதாக மாத்திரை இரண்டை விழுங்கிவிட்டு,
அண்ணனுக்கு ஒரு கரண்டிகூடத் தராமல்.

இரவு. தாள் மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு.
வெளிநாட்டில் விற்கிறார்களே அந்தப் புது மாத்திரை,
அதில் ஒன்றுக்குப் பாதி வரும் என்றான் திலீபன்,
கணக்குப் பார்த்து.
"எந்தப் பாதி?" என்றாள், தலையணையில் முகம் புதைந்தபடி.

உள்ளங்கையைக் குவித்து
அவள் முதுகைத் தட்டுகிறேன்.
இடப்பக்கம் நூறு, வலப்பக்கம் நூறு.
தரையில் அவர் சில்லறை எண்ணுகிறார்.
அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது என்கிறேன்.
எழுபது என்கிறார் அவர், தன் காசை வைத்து.
அவருடையது நாற்பதுகளில் இருந்தது.
குழம்பிவிட்டது.
இருவரும் ஒன்றிலிருந்து தொடங்குகிறோம்.