ஏழாம் பாட்டு, மூன்றாம் அடி

நான் விற்ற கிடாய்க்கு ஒரு கண் தெரியாது.
நான் சொல்லவில்லை.
பேஹக்கும் கேட்கவில்லை.
விலை பேசும்போது அதன் நல்ல பக்கத்தில் நின்றாள்.
நிறுத்தியது நான்.

பத்து நாளில் ஓய்ரிக் வசை கட்டிவிட்டாள்.
ஒன்பது பாட்டு.
ஹெர்ரிங் மீனுக்கு உப்பு அள்ளிய கையோடு கட்டினாளாம்.
எழுதிவைக்கவில்லை. எங்கள் தென் ஊயிஸ்ட் தீவில்
வசைக்குத் தாள் வேண்டாம், கால் உண்டு.

நடந்தது.
கடையில் சீனிக்கு நின்ற வரிசையில் நடந்தது.
அடுப்புக்குச் சதுப்பு மண் வெட்டும் பள்ளத்தில் ஒருவன் தொடங்க
அடுத்த பள்ளத்தில் ஒருவன் முடித்தான்.
பூசை முடிந்து கோயில் வாசலில்
பாதிரியார் இருமினார்.
அது இருமல் இல்லை.

பொறுக்காமல் கிளாஸ்கோ போனேன், கப்பல் பட்டறைக்கு.
இரும்பில் ஆணி அறைந்து அறைந்து
இடது காது மந்தமாயிற்று.
விளக்கில்லாத சைக்கிளில் வந்த ஓர் இரவு
போலீஸ்காரன் மறித்தான்.
பெயர் கேட்டான், டோர்க்கில் என்றேன்.
ஊர் கேட்டான்.
ஆங்கிலத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு
தொப்பியைக் கழற்றி, கேலிக் மொழியில்
ஒன்பதையும் ஒப்பித்தான்.
அபராதம் எழுதவில்லை.
"உனக்கு ஏற்கெனவே போட்டாயிற்று."

அன்றுதான் முழுதாகக் கேட்டேன்.
ஊரில் என்னைக் கண்டதும் பாதியில் நிறுத்துவார்கள்.
முதலில் காது சுட்டது.
பிறகு
காதில் ஏதோ இடறியது.

எங்கள் மொழியில் கோபம் ஒருவனுக்கு வருவதில்லை,
அவன்மேல் இருக்கிறது, நனைந்த கம்பளிபோல.
அதைப் போர்த்திக்கொண்டே கப்பலேறினேன்.

ஓய்ரிக் கோழிக்கூண்டுக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தாள்,
உதட்டில் நான்கு ஆணி.
திட்டத்தான் வாயைத் திறந்தேன்:
"ஏழாம் பாட்டு, மூன்றாம் அடி.
நெடில் வேண்டிய இடத்தில் குறில் வைத்திருக்கிறாய்.
நொண்டுகிறது."

ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.
"தெரியும்" என்றாள். "இரண்டு வருடமாய்த் தூக்கமில்லை."

தேநீர் தந்தாள், தார்போல.
கடல் வற்றி மறுபடி ஏறும்வரை
ஒரு சொல்லுக்காக உட்கார்ந்திருந்தோம்.
அவள் வைத்ததை நான் தள்ளினேன்,
நான் வைத்ததை அவள்.
கடைசியில் எனக்குத்தான் அகப்பட்டது.

பழைய சொல் என்னைத் திருடன் என்று விட்டுவிட்டது.
புதியது என்னைக் கிடாயோடு ஒரே கயிற்றில் கட்டியது:
இரண்டுக்கும் ஒரு பக்கம்தான் பார்வை.
அடி நேராயிற்று.
நேராகவே விழுந்தது.

யார் கொடுத்த சொல் என்று அவள் சொல்லவில்லை.
நானும்.
கிடாயைத் திருப்பி வாங்கிக்கொண்டேன், முழு விலைக்கு;
பேஹக் ஒரு பென்னி குறைக்கவில்லை.

இப்போதெல்லாம் என்னைக் கண்டு யாரும் நிறுத்துவதில்லை.
கடை வரிசையில் நிற்கிறேன்.
ஏழாவது நெருங்கும்போது
சும்மா திரும்புவதுபோல் திரும்பிக்கொள்கிறேன்,
நல்ல காது
அவர்கள் பக்கம் இருக்கும்படி.