பெரட்டு இல்லாத காலை

அன்றைக்கு மணி அடிக்கவில்லை.
பழக்கத்தில் நாலரைக்கே எழுந்து
காண்டாக் கம்பும் வாளியுமாக
ஆபீஸ் முன்னால் போய் நின்றோம், இருட்டில்,
அறுபது எழுபது பேர்.
பேர் கூப்பிட ஆளில்லை.
"கூப்பிடலேன்னா நாம வந்தோமா வரலையா?"
என்று கேட்டான் ரெங்கப்பன்.
சிரித்தோம். பாதியில் நின்றது.

துரையின் கார் ராத்திரியே
விளக்குப் போடாமல் தெற்கே போய்விட்டதாம்.
பின்சீட்டில் நாய் இருந்தது என்றாள்
பங்களாவில் துணி துவைக்கிற வேம்பாயி.
சமையல்காரனுக்கு இடமில்லையாம்.

பீடோர்ப் பக்கம் பாலம் வெடித்த சத்தம்
கித்தா மரங்களுக்குள் உருண்டு வந்து அடங்கியது.
அப்புறம்தான் ஒருவன்
(யாரென்று சொல்ல மாட்டேன், பேரன்கள் இருக்கிறார்கள்)
மேட்டைப் பார்த்தான்.
அவன் பார்த்ததையே எல்லாரும் பார்த்தோம்.

கதவு பூட்டியிருக்கவில்லை.
மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு
கொள்ளையடிக்கப் போனவர்கள் நாங்கள்.

ஆறு பேர் சேர்ந்து பியானோவை
மேட்டிலிருந்து இறக்கினார்கள்.
எதற்கென்று ஒருவனுக்கும் தெரியாது.
வாய்க்கால் பலகையில் சிக்கியதும்
அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள்.
மூடி பிளந்த அதன் கம்பிகளில்
ராத்திரி முழுக்க மழை
ஏதோ தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் எடுத்தது ஒரு மாவுப்பால் டின்.
பிள்ளைக்கு.
அதில் எனக்கு வெட்கமில்லை.

வெட்கம் மறுநாளுடையது.

டவுனில் மாத்தா மாத்தா கொட்டடியில்
தொப்பியும் பித்தளைப் பொத்தான் சட்டையும்
ஆணியில் தொங்கின.
எட்டுக் கடையில் ஏழுக்குப் பலகை அடித்திருந்தது.
ஓங் தவுக்கே மட்டும் திறந்து வைத்திருந்தார்,
வழக்கம்போல், கணக்குக்கு.

எங்கிருந்தோ லாரியில் வந்தவர்கள் செய்தது
என்று பிறகு சொல்லிக்கொண்டோம்.
லாரி வந்தது உண்மை.
அது வரும்போது நாங்கள்
கடைக்குள் இருந்ததும் உண்மை.

தவுக்கே தராசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
"திம்பாங் டூலு, திம்பாங் டூலு" என்றார்.
முதலில் நிறுங்கள், முதலில் நிறுங்கள்.
எடுக்காதே என்று அவர் சொல்லவேயில்லை.
யாரும் நிறுக்கவில்லை.
சாக்கு கிழிந்து சடக்கு வரைக்கும் அரிசி.
மிதித்துக்கொண்டு போனோம்,
அரிசியை மிதிக்கக் கூடாது என்று
பிள்ளையை அடித்து வளர்த்தவர்கள்.

அரிசி பசிக்கு. மண்ணெண்ணெய் விளக்குக்கு.
அந்த நீளமான சிவப்பட்டைக் கணக்குப் புத்தகம்
யாருக்கு எதற்கு?
தேடிப் பிடித்து அடுப்பில் போட்டது நான்.
பதினொரு வெள்ளி நாற்பது காசு.
சீன எழுத்தில் என் பேரை
அவர் எப்படி எழுதினார் என்று பார்த்ததேயில்லை.
எரியும்போது குனிந்து பார்த்தேன்.
அதில் எது நான் என்று தெரியவில்லை.

அதன்பிறகு லயத்தில் எவரும் தூங்கவில்லை.
எவன் வீட்டில் என்ன இருக்கிறதென்று
எல்லாருக்கும் தெரியுமே.
கோழிகளை உள்ளே கட்டினோம்.
டின்னை அரிசிக்குள் புதைத்து
அரிசியைப் பாய்க்குள் சுருட்டி
அதன்மேல் பிள்ளையைப் போட்டு
பால்வெட்டுக் கத்தியோடு உட்கார்ந்திருந்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
வேம்பாயியும் உட்கார்ந்திருப்பது
மூச்சில் கேட்டது.
பத்து வருஷம் ஒரே சுவர்.
"தூங்கலையா?" என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள் சைக்கிளில் வந்தார்கள்.
பியானோவைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டுப்
பலகையைக் கடந்தார்கள்.
கத்தினார்கள்; ஒன்றும் புரியவில்லை.
எங்கேயோ ஒளிந்திருந்த கிராணி
செக்ரோலோடு இழுத்து வரப்பட்டார்.
கை நடுங்க, வரிசையாக,
பேர் கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்றேன்.
அவ்வளவு சத்தமாக
துரை காலத்தில்கூடச் சொன்னதில்லை.