வாலில் ஓர் எழுத்து

ஆகஸ்டில் லிமாவின் வானம்
கழுவாத அலுமினியச் சட்டி.
மழை என்று பெயர் வைக்க முடியாத ஓர் ஈரம்
வில்சன் சாலைக் கடைத்தொகுதியில் மூன்று மாடி ஏறி
அட்டைப்பெட்டிகளை நமத்துப்போக வைக்கிறது.

என் கடை இரண்டரை மீட்டர் அகலம்.
கண்ணாடிக்குள் பிராசஸர்கள்,
வெறும் டப்பாக்கள்தான், சரக்கு பூட்டுக்குள்.
ஆறு கோர் ஒன்று விற்றால்
முதலாளி பதினைந்து சோல் தருவார்.
இரண்டு கோர் விற்றால் தலையை ஆட்டுவார்.

எடெல்மிரா வந்தது ஒரு செவ்வாய், மாலை நாலு.
கய்யாவோ துறைமுகத்தில்
மீன்படகுகளுக்கு ஐஸ் விற்கும் கிடங்கில் கணக்கு எழுதுகிறவள்.
ரப்பர் பூட்ஸோடே பஸ் ஏறியிருந்தாள்.
கணினி ஒரு நாளில் பார்க்கும் வேலையை
ஒரு ரசீதின் முதுகில் எழுதி வந்திருந்தாள்:

காலை ஐந்தரைக்குப் படகுப் பட்டியல், ஒரே ஒரு எக்செல்.
பில் அச்சு, நாற்பது, நாற்பத்தைந்து.
வங்கிப் பக்கம். அது சுற்றிக்கொண்டே இருக்கும்.
மதியம் சீரியல், சத்தமில்லாமல்.
யாராவது கடனை மறுத்தால்
பழைய கணக்கைத் தேடி எடுப்பது.

"கேம்?"
"மச்சான் வந்தால் சீட்டு ஆடுவான்."

ஆறு கோரை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தேன்.
எதிர்காலம் என்றேன்.
எப்போதும் விலைபோகும் சொல் அது,
யாரும் டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னதில்லை.

"ஐஸ் கிடங்கில் எதிர்காலம்
நாலு மணி நேரம்," என்றாள்.
"அதற்குமேல் தண்ணீர்."

சரி, இறங்கி வந்தேன்.
அதே ஆறு கோர், அதே வேகம்,
பெயரின் வாலில் ஓர் எழுத்து மட்டும் கூடுதல்.
விலை தொண்ணூறு சோல் குறைவு.

"எழுத்து கூடினால் விலை ஏன் குறைகிறது?"

எட்டு வருடத்தில்
வாலைப் பிடித்துக் கேட்டவர்கள் மூன்றோ நாலோ பேர்.
நான் பொய் சொல்வதில்லை.
கேட்காதவரை பாதி சொல்வேன், அவ்வளவுதான்.
"உள்ளே படம் கிடையாது," என்றேன்.
"திரையில் எதுவும் தெரிய
தனியாகக் கார்டு வாங்க வேண்டும். முந்நூற்று இருபது."

அவள் சிரிக்கவில்லை.
ரசீதில் போட்டிருந்த கழித்தலை
குறுக்குக்கோடு இழுத்துக் கூட்டலாக்கினாள்.
பிறகு கல்லாவுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.
அங்கே, தூசியில், பில் போடும் எங்கள் பெட்டி.

"இதில் எத்தனை கோர்?"

பின்னால் கண்ணாடிக் கேபினெட்டுகள்
ஏழு நிறத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.
"இரண்டு."
"வயசு?"
"பதினொன்று."
"ஒரு நாளைக்கு எத்தனை பில்?"
அவளுடையதைவிட அதிகம்.
அதைச் சொல்லவில்லை,
சொன்ன மாதிரிதான் நின்றேன்.

இரண்டு கோர், படம் உள்ளேயே. முடிந்தது.
மிச்சத்தில் எஸ்எஸ்டி போடச் சொன்னது நான்தான்,
கேட்காமலே:
இத்தனை நாள் உங்களைக் காக்க வைத்தது சில்லு இல்லை,
சுற்றிச் சுற்றித் தேடிய அந்தப் பழைய வட்டு.

முக்கோணக் குறியை முக்கோணத்தோடு சேர்த்து வைத்தேன்.
அழுத்தக் கூடாது, தானாக உட்காரும்.
நெம்புகோலை இறக்கும்போது நெரியும் சத்தத்துக்கு
எல்லோரும் முகம் சுளிப்பார்கள்.
அவள் மட்டும் காதைக் கொடுத்தாள்.
"பார் ஐஸ் விரிசல் விடுவது போல," என்றாள்,
ஊர்க்காரரைக் கண்ட குரலில்.
அரிசியளவு பசை. நாலு திருகு. விசிறி.

பில் போடத் திரும்பினேன்.
எங்கள் பதினொரு வயசு
பெயரை வாங்கிக்கொண்டு யோசித்தது.
இன்னும் யோசித்தது.
"அவசரமில்லை," என்றாள் எடெல்மிரா,
பெட்டியை இடுப்பில் ஏற்றியபடி.

அவள் நின்ற இடத்தில் பூட்ஸ் தடம் இரண்டு, மீன் வாடை.
முதலாளி வந்து பில்லைப் பார்த்தார்.
தலையை ஆட்டினார்.
அது சரி என்றா இல்லை என்றா,
எட்டு வருடமாகத் தெரியவில்லை எனக்கு.