ஐம்பத்திரண்டு பல்

படகு என்று பெயரை வைத்துக்கொண்டு
ஆறுகளைக் குழாய்க்குள் தள்ளிப் புதைத்துவிட்ட ஊர்
எங்கள் வூச்.
தெரு நடுவே பள்ளம் என்றால் இங்கே டிராம் தண்டவாளம்.
அதில்தான் விழுந்தார் ஹால்ஷ்கா,
சைக்கிள் வாங்கிய ஆறாம் நாள்.

முழங்காலில் ரத்தம். கையில் சைக்கிள்,
நனைந்த குடைபோல மடிந்து.
பதினாறு அங்குலச் சக்கரம்.
சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த மீனுக்கும்
தோட்டத்து நாற்காலிக்கும் இடையில் நின்றதாம்,
நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ஸ்லோட்டி.
மடித்து ஏற்றினால் ரயிலில் தனி டிக்கெட் இல்லை,
பாபியானிட்சேயில் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை,
மூன்றாம் மாடியில் வீடு, லிஃப்ட் கிடையாது.
நான் கேட்காமலே
நியாயங்களை அடுக்கினார்.

"இதில் காசு போடாதீர்கள்" என்றேன்.
இருபத்திரண்டு வருடமாகச் சைக்கிள் கழற்றுகிறவன்.
சொல்லிவிட்டு
அகலமான டயர் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தேன்.
தண்டவாளம் விழுங்க முடியாத அகலம்.
மட்கார்டு இடித்தது. கழற்றினோம்.
அடுத்த மழையில்
முதுகு நெடுக ஒரு சேற்றுக்கோட்டோடு வந்து நின்றார்.
அதற்கொரு மட்கார்டு.

பிறகு மாதாமாதம், சம்பளத்துக்கு மறுநாள்.
பிரேக் கட்டை. பழையது
யோசித்து யோசித்துத்தான் நிற்கும்.
சீட். அதைப் பற்றி அவர் சொன்னதை
இங்கே எழுத முடியாது.
பிளாஸ்டிக் பெடல் ஒன்று தானாகவே விடைபெற்றது.
சின்ன நோட்டில் தேதி, பொருள், விலை குறித்துக்கொள்வார்,
கூட்டல் மட்டும் போடமாட்டார்.
என் கூட்டாளி பொகுமில் ஒருநாள் போட்டுப் பார்த்தான்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்
என்பார்களே,
அந்தக் கணக்கை எப்போதோ தாண்டியிருந்தது.
அவரிடம் சொல்லாதே என்றேன்.
வியாபாரத்துக்காக அல்ல. அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆகஸ்டில் வந்து
"கால் சுற்றுகிறது, ஊர் நகரவில்லை" என்றார்.
முன்பக்கப் பற்சக்கரத்தைக் காட்டினேன்.
குனிந்து எண்ணினார், ஒவ்வொரு பல்லாக
விரல் நுனியால் தொட்டு. தொழில் பழக்கம்.
நாற்பத்து நான்கு.
"ஐம்பத்திரண்டு கிடைக்குமா?"
மனிதருக்கே முப்பத்திரண்டுதானே என்றேன்.
"அதிலும் இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு
நான்தான் செய்து தருகிறேன்."

மாட்டிய அன்று தெருக்கோடி வரை போய்த் திரும்பினார்.
சக்கரம் பெரியதுபோல் நடிக்கவில்லை.
சிறியதாகவே இருந்து
வேகமாகப் போனது.
சிக்னலில் ஒரு பந்தய சைக்கிள்காரன்
பச்சை விழுந்ததும்
இரண்டு வினாடி அவர் முதுகைப் பார்க்க நேர்ந்ததாம்.
இரண்டே வினாடி. அதை நான்கு முறை சொன்னார்.

கழற்றியதையெல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு
ஹால்ஷ்கா என்று எழுதி வைத்திருந்தேன்.
ஜனவரியில் கடைக்கு யார் வருகிறார்கள்.
குப்பையிலிருந்து வந்த மடக்குச் சட்டகம் ஒன்று
சுவரில் தொங்கியது.
கை சும்மா இருக்குமா.
பெட்டி காலியானபோது
கடை நடுவே நின்றது அதே சைக்கிள்,
மீன் வாசனை மட்டும்தான் குறை.
சீட்டில் அதே கிறீச்.
போன பெடலுக்குப் பதில்
வேறெதோ சைக்கிளின் பெடல், நிறம் சேராமல்.

செயினுக்கு எண்ணெய் வாங்க வந்தவர் பார்த்துவிட்டார்.
ஒன்றும் சொல்லாமல் ஏறி
உப்புத் தூவிய முற்றத்தில் இரண்டு சுற்று.
மூன்றாவதில் பிரேக்
யோசித்து யோசித்து
குப்பைத்தொட்டியருகே ஒரு முடிவுக்கு வந்தது.

"இவ்வளவு மோசமாகவா இருந்தது?"
என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்,
குளிரில் கண்ணீர் உறையும் அளவுக்குச் சிரித்தார்.
பிறகு விலை கேட்டார்.
முந்நூறு என்றேன்.
தங்கைக்காம். அவளும் ரயிலில்தான் போகிறாளாம்.

"இதில் ஒரு காசு போடமாட்டேன்" என்றார்,
கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு
நோட்டில் புதுப் பக்கம் தேடியபடி.

"டயர் மட்டும்."