கால் மாற்றி

கட்டைவிரலில் தூண்டில்முள் கீறியது அக்டோபரில்.
காயம் என்றே அதை எண்ணவில்லை.

முதுகு வலித்தபோது ஈரக் கயிற்றைக் குறை சொன்னேன்,
பிறகு வயதை, பிறகு மெத்தையை.
வேர்வையில் ஊறிய சட்டையைப் பிழிந்துகொண்டே
ஸ்டெய்ன்வோர் கேட்டாள்:
மெத்தையா காய்ச்சல் தரும்?

படத்தில் இரண்டு முள்ளெலும்புகளின் நடுவே
புழு அரித்த படகுப்பலகை.
விரல்வழி நுழைந்தது
ரத்தத்தில் நீந்தி அங்கே கரையேறியிருக்கிறது.

ஆறு வாரம். எட்டு மணிக்கொரு மருந்துப் பை.
ஈசாஃபியூர்துரில் அந்நாட்களில்
வெயில் மலைக்குப் பின்னாலேயே நின்றுவிடும்.
எண்ண வேறொன்றுமில்லை,
சொட்டுகளை எண்ணினேன்.

ஜனவரிக் கடைசியில் தெருவில் வெயில் விழுந்தது.
ஊரே அப்பம் சுட்டது.
இடுப்புக் கச்சையோடு சன்னல்வரை நடந்தேன்,
பதினோரு அடி.

குனிந்து பூட்ஸ் மாட்ட இன்னும் முடியாது.
ஸ்டெய்ன்வோர் மாட்டிவிட்டாள்,
வெயிலைப் பார்த்தபடி,
கால் மாற்றி.