ரிட்டன் ட்ரிப்

செக்காலை ரோட்டு ஆஸ்பத்திரி, மாடி ஹால்,
மூன்று மதியம் வகுப்பு.
ஜெசிந்தா சிஸ்டர் போர்டில் 'டெலிரியம்' என்று எழுதி,
இதுவரைக்கும் இதை என்னவென்று சொல்லிக்கொண்டிருந்தோம்
என்று கேட்டார்.
காத்துக்கருப்பு, என்றாள் ரஹ்மத்து.
வயசுக் கோளாறு, என்றது பின்வரிசை.
நான் வாய் திறக்கவில்லை.
எங்கள் வார்டில் அதற்குப் பெயர்
'கட்டிப் போடு.'

போன ஆடியில், நாலாம் கட்டில்.
இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த கோட்டையூர்க்காரம்மா
வார்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று
இறங்கி இறங்கி ஓடப் பார்த்தார்.
நான்தான் கட்டினேன். காஸ் துணி. இரட்டை முடிச்சு.
காலையில் அவிழ்க்க வரவில்லை,
கத்தரி வாங்கி வந்தேன்.

"கத்துறவங்கள எல்லாருக்கும் தெரியும்,
சத்தமே போடாதவங்களப் பாருங்க" என்றார் சிஸ்டர்.
எழுதிக்கொண்டேன்.
எழுதினதால் புரிந்துவிடுமா என்ன.

பதினோராம் கட்டில் ராக்கப்பன்.
ரிட்டயர்டு கண்டக்டர். புராஸ்டேட் ஆபரேஷன்.
எதையும் கேட்பதில்லை. கஞ்சி முன்னாலேயே ஆறிப் போகும்.
தங்கமான பேஷண்ட் என்று
டூட்டி மாற்றும்போது சொல்லிவிட்டுப் போவார்கள்.
ராத்திரி இரண்டு மணிக்குப் பார்க்கிறேன்:
கட்டைவிரலை நாக்கில் தொட்டு
போர்வை ஓரத்திலிருந்து எதையோ கிழித்து
என் பக்கம் நீட்டுகிறார்.
ஒன்று. இன்னொன்று.
"பாஸா, டிக்கெட்டா?"

"அண்ணே, இது எந்த இடம்?"
"திருப்பத்தூர். பத்து நிமிஷம் நிக்கும்."

மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லிக் கேளுங்கள்
என்பது வகுப்பு.
நான் ஊர்களைக் கேட்டேன்.
"மதுரையிலேருந்து திரும்பி வாங்கண்ணே."
மாட்டுத்தாவணி. ஒத்தக்கடை. மேலூர்.
மேலூர்.
மேலூர்.

"சமர்த்தாத்தான தூங்குறாரு" என்றார் டூட்டி நர்ஸ்.
"தூங்கல சிஸ்டர். இங்க இல்ல."
டாக்டர் வந்தார். சிறுநீரில் கிருமி.
வயிறு போய் நாலு நாள், யாரும் குறித்திருக்கவில்லை.
காது மிஷின் டிராயரில்,
பல்செட்டோடு கைக்குட்டையில் சுற்றிக் கிடந்தது.
சுவர்க் கடிகாரம் என்றைக்கோ நாலு இருபதில் நின்றது;
பேட்டரி என் காசு, பன்னிரண்டு ரூபாய்.
போகும்போதும் வரும்போதும் சொன்னேன்:
நான் சகாயமேரி. இது காரைக்குடி. இன்னைக்கு வியாழக்கிழமை.
வெள்ளி. சனி.
சனிக்கிழமையும் டிக்கெட்தான் கிழித்தார்.

திங்கள் காலை, கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டேன்.
கேட்காமலே சொன்னார்:
கீழவளவு, திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி.
அப்புறம் கொஞ்சம் கூச்சத்தோடு,
"ராத்திரி ஒங்கிட்ட காசு கேட்டனா?"
"கேட்டீங்க."
"குடுத்தியா?"
"சில்லறை இல்லேண்ணே."
சிரித்தார். பல்செட் இன்னும் போடவில்லை.

கோட்டையூர்க்காரம்மாவை
எந்த ஸ்டாப்பில் விட்டுவிட்டு வந்தோம் என்று
யாரிடம் கேட்பது.

நாலாம் கட்டிலில் இன்றைக்கு வேறு யாரோ.
சத்தமில்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.